கைப்பட்டியும் கணினியும்

மருத்துவர் நோயாளியின் மணிக்கட்டைப் பற்றி நாடி பார்ப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவர் எண்ணிய துடிப்பு எத்தனை என்பதை அவரும் அறிவார். நோயாளியும் கேட்டு அறிவார். மூன்றாமவர் ஒருவருக்கு அங்கே இடமில்லை. இக்காலத்தில் அதே மணிக்கட்டில் ஒரு சிறு கைப்பட்டி ஏறி அமர்ந்திருக்கின்றது. பிட்னஸ் பான்ட் என்று கடைகளில் விற்கப்படும் அப்பட்டி, அணிந்தவர் பகலில் நடந்த அடிகளையும், இரவில் உறங்கிய நேரத்தையும், இதயம் துடித்த துடிப்புக்களையும் ஓயாது எண்ணுகின்றது. எண்ணப்படுவது அணிந்தவரின் உடல். ஆயின் எண்ணிய கணக்கு பெரும்பாலும் அவரிடம் நேரே வந்து சேர்வதில்லை. பட்டியிலிருந்து கைத்தொலைபேசிக்கும், அங்கிருந்து கடல்கடந்த நாடொன்றிலுள்ள உற்பத்தியாளரின் பெருங்கணினிக்கும் சென்று பதிவான பின்னரே, வரைபடமாக அவருக்குத் திருப்பிக் காட்டப்படுகின்றது.

இந்தச் சுற்றுவழி இன்றியமையாததா? பட்டியிலுள்ள கணக்கை, வீட்டு மேசைமேலிருக்கும் கணினியே நேரிற் பெற்று வைத்துக்கொள்ள இயலாதா? இயலும் என்பதே விடை. ஆனால் எல்லாப் பட்டிகளிலும் ஒரே அளவில் இயலாது. சில பட்டிகள் பொதுமொழி பேசுகின்றன. வேறு சில தம்மை ஆக்கியவர்க்கு மட்டுமே விளங்கும் மறைமொழி பேசுகின்றன. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இயங்கும் கணினியொன்றோடு ஒரு பட்டியைப் புளூடூத் வழியாக இணைக்க முயல்வோர்க்கு இவ்வேறுபாடு விரைவிற் புலனாகும். அவ்விணைப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், அதனால் விளையும் பயன் யாது என்பதையும் ஒழுங்காக நோக்குதல் நன்று.

முதலிற் பட்டி எவ்வாறு எண்ணுகின்றது என்பதை அறிதல் வேண்டும். அதனுள்ளே இரண்டு உணர்கருவிகள் முதன்மையானவை. ஒன்று ஆர்முடுகல்மானி. மிகச் சிறிய சிலிக்கன் துண்டொன்றினுள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய திணிவொன்று நுண்ணிய விற்களில் தொங்குகின்றது. கை அசையும்போது அத்திணிவு சற்று விலகும். அவ்விலகலால் மின்கொள்ளளவம் மாறும். அம்மாற்றம் எண்ணாகப் பதிவாகும். நடக்கும் மனிதனின் கை ஒரு தாளத்தோடு வீசுவதால், அத்தாளத்தைக் கண்டறிந்து பட்டி அடிகளைக் கணக்கிடுகின்றது. மற்றையது ஒளியுணரி. பட்டியின் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலின்மீது வீசப்படுகின்றது. குருதி பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும் இயல்பினது. இதயம் துடிக்குந்தோறும் நுண்குழாய்களிற் குருதி மிகுவதால், திரும்பிவரும் ஒளி சிறிது குறைகின்றது. துடிப்பு அடங்கியதும் சிறிது கூடுகின்றது. இந்த ஏற்றத்தாழ்வை எண்ணினால் நாடித்துடிப்பு வந்துவிடும்.

எண்ணியாயிற்று, இனி அதை வெளியே அனுப்புதல் வேண்டும். கம்பியைச் செருகி அனுப்புவது கையில் அணியும் பொருளுக்கு வசதியன்று. ஆகவே வானொலி அலையே வாகனமாயிற்று. இலங்கையில் பண்பலை ஒலிபரப்பைக் கேட்கும் நேயர்கள் 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையான மீடிறன்களிலேதான் தம் வானொலிப் பெட்டியைத் திருப்புகின்றனர். புளூடூத் அலைகள் அதனினும் பன்மடங்கு உயர்ந்த 2,400 மெகாஹேட்ஸை அடுத்த பகுதியில் இயங்குகின்றன. மிகப் பெரும்பாலான நாடுகளில் அப்பகுதியிற் சிறு ஆற்றலோடு அலைபரப்புவதற்குத் தனிப்பட்ட உரிமப்பத்திரம் வேண்டியதில்லை. வைபை என்னும் கம்பியில்லா வலையமைப்பும், சமையலறையிலுள்ள மைக்குரோவேவ் அடுப்பும் அதே பகுதியையே பயன்படுத்துகின்றன. எனவே அது நெரிசல் மிக்க சந்தை போன்றதோர் இடமாகும்.

புளூடூத் பிறந்த இடம் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரம். அங்கே எரிக்சன் கொம்பனியின் பொறியியலாளர் 1994ஆம் ஆண்டில், கருவிகளுக்கிடையே கம்பிகளை நீக்கிக் குறுந்தூர வானொலித் தொடர்பை ஏற்படுத்தும் முயற்சியைத் தொடங்கினர். ஒல்லாந்து நாட்டவரான யாப் ஹார்ட்சன் அம்முயற்சியில் முதன்மையானவர். 1998ஆம் ஆண்டில் எரிக்சன், நொக்கியா, இன்ரெல், ஐபிஎம், தொஷிபா ஆகிய ஐந்து கொம்பனிகள் ஒருங்குசேர்ந்து அதனை ஒரு பொது நியமமாக வளர்க்கக் கழகமொன்றை அமைத்தன. நீலப்பல் என்று பொருள்படும் அப்பெயர், பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னனின் பட்டப்பெயராகும். டேனியரையும் நோர்வீசியரையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தவன் என்று அவன் போற்றப்படுகின்றான். வெவ்வேறு கருவிகளை ஒன்றிணைக்கும் முறைக்கு அவன் பெயர் பொருந்தும் என்று இன்ரெல் கொம்பனியைச் சேர்ந்த ஜிம் கார்டக் கருதி அதனை முன்மொழிந்தார். இன்று கருவிகளிற் காணப்படும் நீலச் சின்னம், அம்மன்னனின் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டையும் பண்டைய ரூனிக் எழுத்திற் பொறித்து இணைத்த வடிவமேயாகும்.

நெரிசல் மிக்க அலைப்பகுதியிற் பிறர் குரலோடு மோதாது பேசுதற்குப் புளூடூத் கையாளும் உபாயம் மீடிறன் தாவல் எனப்படும். பேசுவோரும் கேட்போரும் முன்னரே உடன்பட்ட ஒழுங்கில், கணத்திற்குக் கணம் ஓர் அலைவரிசையிலிருந்து மற்றோர் அலைவரிசைக்குத் தாவிக்கொண்டே உரையாடுவர். ஒரு வரிசையில் இரைச்சலிருந்தால் அடுத்த வரிசையிற் செய்தி தப்பிவிடும். இத்தகைய எண்ணம் புளூடூத்திற்கு மிகவும் முற்பட்டது. 1942ஆம் ஆண்டில் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும், ஜோர்ஜ் அந்தெயில் என்னும் இசையமைப்பாளரும், நீர்மூழ்கிக் குண்டை வானொலியால் வழிநடத்தும்போது பகைவர் குறுக்கிடாதிருக்கும் பொருட்டு, தானியங்கிப் பியானோவில் உள்ளதைப் போன்ற துளையிட்ட சுருள்களைக் கொண்டு 88 மீடிறன்களுக்கிடையே தாவும் முறையொன்றுக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றனர். பியானோவின் விசைகளும் 88 என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

தொடக்ககாலப் புளூடூத் கைப்பட்டிக்கு ஏற்றதாக இருக்கவில்லை. இசையைக் காதிற்குக் கொண்டுசெல்ல அது வல்லது. ஆனால் மின்கலத்தை விரைவில் உறிஞ்சிவிடும். இக்குறையை நீக்கும் பொருட்டு நொக்கியா கொம்பனி 2006ஆம் ஆண்டில் வைபிறீ என்னும் சிக்கனமான முறையொன்றை அறிவித்தது. அது பின்னர் புளூடூத்தோடு இணைக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டில் வெளிவந்த நாலாம் பதிப்பிற் குறைசக்திப் புளூடூத் என்னும் தனிப்பிரிவாயிற்று. இன்றைய கைப்பட்டிகள் பேசுவது இக்குறைசக்தி முறையையே. மத்திய அலையை மட்டும் வாங்கும் பழைய வானொலிப்பெட்டி பண்பலை நிலையத்தை வாங்காதது போல, நாலாம் பதிப்பிற்கு முற்பட்ட புளூடூத் கருவியைக் கொண்ட பழைய கணினி இப்பட்டிகளைக் காணவே மாட்டாது. அத்தகைய கணினிக்கு, யூஎஸ்பி துளையிற் செருகும் புதிய புளூடூத் துண்டொன்றை வாங்குதலே வழி.

குறைசக்தி முறையிற் பட்டி செய்யும் முதல் வேலை தன் இருப்பை அறிவித்தலாகும். வானொலி நேயர்க்கு இது புதிதன்று. ஒலிபரப்பு நிலையம் குறித்த நேரந்தோறும் தன் பெயரைச் சொல்லி அறிவிக்கின்றது. கேட்க விரும்புவோர் அந்த நிலையத்திற் பெட்டியை நிறுத்திக்கொள்கின்றனர். அவ்வாறே பட்டியும் சிறிது நேரத்திற்கு ஒருமுறை, தன் பெயரையும் முகவரியையும் தன்னிடம் கிடைப்பன யாவை என்னும் குறிப்பையும் சுருக்கமாகக் கூவிவிட்டு உறங்கிவிடுகின்றது. குறைசக்தி முறையிலுள்ள 40 அலைவரிசைகளுள் மூன்று இவ்வறிவித்தலுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 37 வரிசைகளும் இணைப்பு ஏற்பட்ட பின்னர் உரையாடுவதற்கு உரியன. பேசும் நேரம் ஒரு கணத்தின் சிறுகூறு. உறங்கும் நேரமே மிகுதி. சிறு மின்கலத்தோடு பட்டி பல நாள் உயிர்வாழ்வதன் இரகசியம் இதுவே.

இனி, மறுகரையிலிருக்கும் கணினியை நோக்கலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், 1991ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் தாம் ஆக்கிவந்த பணிசெயல் முறைமையொன்றைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ் என வளர்ந்தது. அதன் மூலநிரலை எவரும் எடுத்து வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம், அவ்வாறு வழங்குவோர் அதே உரிமையைப் பெறுவோர்க்கும் விட்டுக்கொடுத்தல் வேண்டும். லினக்ஸிற் புளூடூத் மொழியைக் கையாளும் பகுதிக்குப் புளூஸ் என்று பெயர். அது 2001ஆம் ஆண்டில் லினக்ஸின் கருவினுள்ளே இடம்பெற்றது. பட்டியோடு பேசுதற்குரிய இலக்கணம் முழுவதும் அதனுள் அடங்கியிருத்தலால், எந்த உற்பத்தியாளரின் அனுமதியையும் எதிர்பாராமல் இணைப்பைத் தொடங்கலாம்.

இணைப்பதற்கு உதவும் சிறு செய்நிரல் ஒன்று புளூஸோடு கூடவே வருகின்றது. புளூடூத் என்னும் ஆங்கிலச் சொல்லின் பின்னே சி, டி, எல் என்னும் மூன்று எழுத்துக்களை இடைவெளியின்றிச் சேர்த்தெழுதினால் அதன் பெயர் ஆகும். கட்டளைத் திரையில் அதனைத் திறந்து, ‘பவர் ஒன்’ என்று எழுத, கணினியின் புளூடூத் கருவி விழித்துக்கொள்ளும். ‘ஸ்கேன் ஒன்’ என்று எழுத, அது சூழலிலுள்ள அறிவித்தல்களைச் செவிமடுக்கத் தொடங்கும். சிறிது நேரத்தில், அயலிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டி, அடுத்த வீட்டாரின் காதொலிக் கருவி என்பனவற்றோடு, தேடிய பட்டியின் பெயரும் திரையில் தோன்றும். பெயருக்கு முன்னே இரண்டிரண்டு குறிகளாக ஆறு சோடியுள்ள ஒரு முகவரி காணப்படும். ‘கனெக்ட்’ என்னும் சொல்லோடு அம்முகவரியை எழுதினால் இணைப்பு ஏற்படும். சில பட்டிகள் இணைந்தால் மட்டும் போதாது, சோடி சேர்தலும் வேண்டும் என்று வற்புறுத்தும். அப்போது பட்டியின் முகப்பில் ஆறு இலக்கங்கள் தோன்றும். அவற்றைக் கணினியில் எழுதினால், இரண்டும் தமக்குள் ஓர் இரகசியத் திறவுகோலை உண்டாக்கிக்கொண்டு, அதன்பின் பிறர் ஒட்டுக்கேளாத வண்ணம் பேசும்.

இணைந்த பட்டியினுள்ளே கிடைக்கும் செய்திகள் ஒரு நூலகத்தின் அலுமாரிகளைப் போல ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. ஒவ்வோர் அலுமாரியும் ஒரு சேவை. அதனுள் அடுக்கப்பட்ட ஒவ்வோர் ஏடும் ஓர் இயல்பு. நூலகத்தில் நூல்கட்கு எண் இட்டிருப்பது போலவே இவற்றுக்கும் எண் உண்டு. பொது நியமத்தின்படி இதயத்துடிப்புச் சேவையின் எண் 180டி. அதனுள் துடிப்பின் அளவைத் தரும் ஏட்டின் எண் 2ஏ37. மின்கலச் சேவையின் எண் 180எப். மின்கலத்தில் எஞ்சியுள்ள விழுக்காட்டைத் தரும் ஏடு 2ஏ19. யப்பானில் ஆக்கிய பட்டியாயினும், பின்லாந்தில் ஆக்கிய மார்புப்பட்டியாயினும், பொது நியமத்தைப் பின்பற்றுவதாயின் எண் மாறாது. இதுவே பொதுமொழியின் சிறப்பு.

எண்கள் வரும் வடிவம் முதலில் மருட்டக்கூடும். கணினியோர் பத்தை அடியாகக் கொள்ளாது பதினாறை அடியாகக் கொண்டு எழுதுவர். துடிப்பேட்டைத் தெரிந்து, மாற்றம் நிகழுந்தோறும் அறிவிக்குமாறு கட்டளையிட்டால், ஏறத்தாழச் செக்கனுக்கு ஒருமுறை சில எண்சோடிகள் திரையில் வந்து விழும். முதற்சோடி, பின்வருவன எவ்வடிவின என்று கூறும் குறிப்பு. வழக்கமான வடிவில் இரண்டாஞ் சோடியே துடிப்பின் அளவு. அது 48 என்றிருப்பின், நான்கு பதினாறு அறுபத்து நான்கு, அதனோடு எட்டு, ஆக எழுபத்திரண்டு. நிமிடத்திற்கு 72 துடிப்பு என்பது பொருள். மின்கலத்தேட்டில் 64 என்றிருப்பின், ஆறு பதினாறு தொண்ணூற்றாறு, அதனோடு நான்கு. மின்கலம் முழுமையாக நிறைந்துள்ளது என்பது கருத்து. பாடசாலையில் ஆறாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க இக்கணக்கே, பளபளப்பான வரைபடங்கள் யாவற்றுக்கும் அடியில் உள்ளது. வந்து விழும் எண்களை நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவைக்கச் சில வரிகளாலான செய்நிரல் போதும்.

முயற்சி தொடக்கத்திலேயே தடைப்படுவதும் உண்டு. அவ்வேளையில் ஆராய வேண்டியன சில. பட்டி ஏற்கெனவே கைத்தொலைபேசியோடு இணைந்திருப்பின், பெரும்பாலும் தன்னை அறிவிப்பதை நிறுத்திவிடும். கணினிக்கு அது தென்படாமைக்கு முதற் காரணம் இதுவே. தொலைபேசியின் புளூடூத்தை நிறுத்திவிட்டு மீண்டும் தேடுதல் வேண்டும். பல மணிக்கட்டுப் பட்டிகள் துடிப்பைப் பொதுமொழியிற் பரப்புவதற்கு, அவற்றின் அமைப்புப் பக்கத்தில் அதற்கென உள்ள ஆளியைத் திறந்துவிட வேண்டும். மனித உடல் பெரும்பாலும் நீராலானது. 2,400 மெகாஹேட்ஸ் அலையை நீர் உறிஞ்சும். ஆகவே பட்டியணிந்த கையை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு நின்றாலே இணைப்பு நலிவுறலாம். விரைவான யூஎஸ்பி மூன்றாம் பதிப்புத் துளைகள் இதே அலைப்பகுதியில் இரைச்சலை உண்டாக்கும் இயல்பின. புளூடூத் துண்டை அவற்றின் அருகிற் செருகாது, சிறு நீட்டுக்கம்பி கொண்டு தள்ளிவைத்தல் நலம்.

இத்தடைகள் யாவும் பொறுமையால் நீங்குவன. பொறுமையால் நீங்காத தடை வேறொன்று உண்டு. பட்டியின் அலுமாரிகளைப் பட்டியலிட்டுப் பார்க்கும்போது, பொது எண்ணுள்ளவை இரண்டோ மூன்றோ இருக்க, எஞ்சியவை நீண்ட விசித்திரமான எண்களோடு காட்சியளிக்கும். அவை உற்பத்தியாளரின் சொந்த அலுமாரிகள். நாள் முழுவதும் நடந்த அடிகளின் வரலாறு, உறக்கத்தின் விவரம் முதலிய பெறுமதி மிக்க கணக்குகள் பெரும்பாலும் அங்கேயே உள்ளன. ஏட்டைத் திறந்தாலும் எழுத்து விளங்காது. சில பட்டிகளில் ஏட்டைத் திறப்பதற்கே ஒரு திறவுகோல் வேண்டும். அத்திறவுகோலோ உற்பத்தியாளரிடம் கணக்குத் திறந்து பெயரைப் பதிந்துகொண்டவர்க்கே கிடைக்கும்.

பிட்பிட் பட்டிகளின் வரலாறு இதற்கோர் எடுத்துக்காட்டு. அக்கொம்பனி தன் பட்டிகளைக் கணினியோடு பொருத்தும் செய்நிரலை விண்டோஸ், மக் என்னும் முறைமைகளுக்கு ஆக்கியதேயன்றி லினக்ஸிற்கு ஆக்கவில்லை. அதனால் லினக்ஸ் பயன்படுத்துவோர் தாமே முயன்று, பட்டிக்கும் கணினிக்கும் இடையே நிகழும் உரையாடலை ஆராய்ந்து, கலிலியோ என்னும் செய்நிரலை எழுதினர். அது பட்டியிலுள்ள கணக்கை வெளியே கொணர்ந்தது. ஆயின் அக்கணக்கு மறைகுறியாக்கப்பட்டிருந்தது. கலிலியோ அதனை அப்படியே கொம்பனியின் சேவையகத்திற்கு அனுப்பிவைக்க மட்டுமே வல்லதாயிற்று. தன் வீட்டுக் கணினி, தன் உடலைப் பற்றி எழுதப்பட்ட கடிதத்தைச் சுமந்துசெல்லும் தபாற்காரனாயிருந்தது. உறையைத் திறந்து வாசிக்கும் உரிமை அதற்கு இருக்கவில்லை. இணைப்பு என்பது ஒன்று, உடைமை என்பது வேறொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உறை மூடியிருந்தால் என்ன, கணக்குத் தொலைவிலிருந்து பத்திரமாகத் திரும்பி வருகின்றதே என்று சிலர் எண்ணலாம். அண்மைக்கால நிகழ்ச்சிகள் மூன்று அவ்வெண்ணத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றன. பெபிள் என்னும் கைக்கடிகாரத்தை ஆக்கிய கொம்பனி 2016 டிசெம்பரில் மூடப்பட்டது. அதன் கடிகாரங்களுக்கு உதவிய இணையச் சேவைகள் 2018 யூன் மாத இறுதியில் நிறுத்தப்பட்டன. கடிகாரம் பழுதடையவில்லை, அது சார்ந்திருந்த தூணே சாய்ந்தது. 2020 யூலை மாதத்திற் கார்மின் கொம்பனியின் கணினிகள் மீது கப்பம் கோருவோர் நடத்திய தாக்குதலினால் அதன் சேவை சில நாள் தடைப்பட்டது. அந்நாட்களில் அடிகளை எண்ணிய கடிகாரங்கள் கையிலிருந்தும், வழக்கமான வழியிற் கணக்கைப் பார்க்க இயலாது பலர் திகைத்தனர். கம்பி கொண்டு கடிகாரத்தைக் கணினியிற் செருகி, அதனுள்ளிருந்த கோப்புக்களை நேரே எடுக்கத் தெரிந்தவர்க்கு அத்துன்பம் இருக்கவில்லை.

மூன்றாவது நிகழ்ச்சி வேறு வகையினது. ஸ்திராவா என்னும் நிறுவனம், தன் அங்கத்தவர் ஓடியும் நடந்தும் சென்ற பாதைகளையெல்லாம் ஒன்றுதிரட்டி, ஒளிக்கோடுகளாக உலகப்படத்தில் வரைந்து 2017 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த சனவரியில் அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர் அப்படத்தை உற்றுநோக்கி, இருண்ட பாலைநிலங்களின் நடுவே போர்வீரர் முகாம்களின் சுற்றுப்பாதைகள் ஒளிர்வதைச் சுட்டிக்காட்டினார். அவ்வீரர்கள் இரகசியத்தை வெளியிடக் கருதவில்லை, உடலுறுதிக்காக ஓடினர், அவ்வளவே. அணிந்தவர் தனக்காக எண்ணுவித்த அடிகள் பிறர் கையிற் சேர்ந்த பின்னர், அவர் நினையாத பொருளைத் தரத் தொடங்கின.

இந்நிலைக்கு மாறான வழியும் உண்டு, அது கனவன்று. பெபிள் கடிகாரங்களைக் கொம்பனியின் செய்நிரல் இன்றியே இயக்கும் நோக்கோடு, கட்ஜெட்பிரிட்ஜ் என்னும் இலவசச் செய்நிரல் 2015ஆம் ஆண்டளவிற் தொண்டர்களால் அன்ட்ரொயிட் தொலைபேசிகட்கு ஆக்கப்பட்டது. இன்று அது பல உற்பத்தியாளரின் பட்டிகளோடு பேசுகின்றது. கணக்கை அது வெளியே அனுப்பாது தொலைபேசியிலேயே வைத்துக்கொள்வதால், அதனை ஒரு கோப்பாக எடுத்து லினக்ஸ் கணினியிற் சேர்த்து ஆராயலாம். பெபிளின் மூலநிரலும் பின்னர் வெளிச்சத்திற்கு வந்தது: அதன் உடைமை கைமாறிக் கைமாறிக் கூகிளிடம் சேர்ந்திருந்த நிலையில், அந்நிறுவனம் 2025 சனவரியில் அதனை யாவரும் வாசிக்க விடுவித்தது.

பைன்டைம் என்னும் மலிவான கைக்கடிகாரம் இவ்வழியில் இன்னும் ஒரு படி மேலானது. பைன்64 என்னும் குழுவினர் அதனை 2019ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதன் மூளை 64 கிலோபைட்டு நினைவகமே உடைய சிறு சில்லு. அக்கடிகாரத்தினுள் இயங்கும் இன்பினிடைம் என்னும் செய்நிரலின் மூலத்தை எவரும் வாசிக்கலாம். அடிகள் எந்த ஏட்டில் உள்ளன, துடிப்பு எந்த ஏட்டில் உள்ளது என்பன யாவும் எழுத்தில் வெளியிடப்பட்டுள்ளன. ஆகவே லினக்ஸ் கணினியிலிருந்து அதனோடு பேசி நேரத்தைத் திருத்தவும், அடிகளைப் பெறவும், புதிய பதிப்பை ஏற்றவும் பலர் பலவகைச் செய்நிரல்களை எழுதியுள்ளனர். அலுமாரிக்குப் பூட்டு இல்லை. பட்டியல் வாயிலிலேயே தொங்குகின்றது.

இவ்வாறு பெற்ற எண்களைப் போற்றுவதில் அளவறிதலும் வேண்டும். மணிக்கட்டின் ஒளியுணரி மருத்துவமனையின் மின்னிதயவரைவி அன்று. பட்டி தளர்ந்திருந்தாலும், கை விரைந்தசைந்தாலும், தோலிற் பச்சை குத்தியிருந்தாலும் அது பிழைபடும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடத்தல் வேண்டும் என்று பட்டிகள் வற்புறுத்தும் கணக்கும் மருத்துவ ஆராய்ச்சியின் முடிபாக எழுந்ததன்று; 1965ஆம் ஆண்டில் யப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவியொன்று, ‘பத்தாயிரம் அடிமானி’ என்று பொருள்படும் பெயர் பூண்டிருந்ததே அதன் மூலம். அமெரிக்காவில் முதிய பெண்களைப் பற்றி நிகழ்த்தி 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தோரிடத்தும், மிகக் குறைவாக நடந்தோரிலும் பார்க்க இறப்பு வீதம் தாழ்ந்திருந்ததென்றும், 7,500 அடியளவில் அந்நன்மை மேலும் கூடாது நின்றதென்றும் கூறிற்று. எண்களை ஆளத் தெரியாதவனை எண்கள் ஆளும்.

கைப்பட்டி வாங்க எண்ணுவோர், அதன் நிறத்தையும் விலையையும் வினவுவதோடு வேறு மூன்று வினாக்களையும் வினவுதல் தக்கது. துடிப்பையும் அடியையும் பொதுமொழியில் அது தருமா? கொம்பனியிற் கணக்குத் திறவாமல் அது இயங்குமா? சேர்ந்த கணக்கை ஒரு கோப்பாக வெளியே எடுக்க வழியுண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின், வீட்டிலுள்ள பழைய லினக்ஸ் கணினியே போதிய சேவையகமாகும். இதயநோயிலிருந்து தேறிவரும் முதியவர் ஒருவர் தம் ஆறு மாத நாடிக்கணக்கை ஒரே தாளில் அச்சிட்டு, அடுத்தமுறை மருத்துவரிடம் செல்லும்போது மடித்தெடுத்துச் செல்லலாம். கொம்பனி மூடப்பட்டாலும் அத்தாள் மூடப்படாது. சேவை நின்றாலும் அக்கோப்பு நில்லாது.

நாடி பார்க்கும் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே மூன்றாமவர்க்கு இடமில்லாதிருந்த அந்நாள் வழக்கத்தை, இந்நாட் கருவியோடும் காப்பாற்ற இயலும். அதற்கு வேண்டியவை சில கட்டளைச் சொற்களும், பதினாறாம் வாய்பாடும், சிறிது பொறுமையுமே. தன் உடலின் கணக்கைத் தானே வாசிக்கக் கற்றவர், அதனைப் பிறர்க்குக் காட்டுவதா, காட்டாதிருப்பதா என்பதையும் தாமே தீர்மானிக்கும் நிலையை அடைகின்றார்.